கம்ப்யூட்டர் கணக்கில் நீங்கள் எத்தனை பேர்?

என் பர்ஸில் ஒரே ஆஸ்பத்திரியின் அடையாள அட்டைகள் மூன்று இருக்கின்றன. மூன்றும் என்னுடையவைதான். ஆனால், அந்த ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரைக் கேட்டால் 'மூன்று பேர்' என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யும்!

முதல் அட்டை, பல் வலிக்குப் போனபோது போட்டது. பெயர்: கே. பாலசுப்பிரமணியன். இரண்டாவது, பைக்கிலிருந்து விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டபோது. அழைத்துப் போன நண்பன்தான் பெயர் சொன்னான். 'ன்' போய் 'ம்' வந்துவிட்டது. முன்னால் இருந்த இனிஷியல் பின்னால் போய் நின்றுகொண்டது. மூன்றாவது காய்ச்சலுக்கு. கவுன்ட்டரில் இருந்தவர் அவசரத்தில் என்னை நடுவில் வெட்டி, 'பாலா சுப்ரமணி' ஆக்கிவிட்டார். பிறந்த தேதி முதல் அட்டையில் சரி. இரண்டாவதில் ஜனவரி 1. மூன்றாவதில் தேதியே கிடையாது, வயசு 35 என்று குத்துமதிப்பு.

மூன்றாவது தடவை நடந்த உரையாடல் இது:

"ஏற்கெனவே வந்திருக்கீங்களா சார்?"

"வந்திருக்கேன் மேடம்."

"கார்டு?"

"வீட்ல இருக்கு."

"அப்ப புதுசு போட்டுடறேன் சார். நூறு ரூபா குடுங்க."

எனக்குப் பின்னால் பதினைந்து பேர் இருமிக்கொண்டு நின்றார்கள். தேடிப் பார்ப்பதைவிடப் புதுசு போடுவது சுலபம். கொடுத்தேன்.

உள்ளே டாக்டர் கேட்டார். "ஏதாவது மருந்து ஒத்துக்காதா?"

"பென்சிலின் ஒத்துக்காது டாக்டர். முன்னாடியே சொன்னேனே, சிவப்புல போட்டு வெச்சாங்களே..."

திரையைப் பார்த்தார். "நீங்க இங்க வர்றதே முதல் தடவைன்னு காட்டுது."

சிவப்பு எச்சரிக்கை முதல் பாலசுப்பிரமணியனிடம் இருக்கிறது. காய்ச்சலோ மூன்றாவது பாலசுப்பிரமணியனுக்கு! நல்லவேளை, நான் வாயைத் திறந்து பேசுகிற நிலையில் இருந்தேன். முழங்கை உடைந்த அன்று இருந்த மாதிரி அரை மயக்கத்தில் கிடந்திருந்தால்? இப்போது இந்தக் கட்டுரையை வேறு யாராவதுதான் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

நான் படித்தது பி.காம். எங்கள் பாடத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. மளிகைக் கடை அண்ணாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாக்கி எழுநூறு வைத்திருக்கிற ஆசாமி மறுபடி கடன் கேட்டு வந்தால், அண்ணாச்சி அவருக்குப் புதுப் பக்கம் திறப்பாரா? பழைய பக்கத்தைப் புரட்டி, அதற்குக் கீழேதான் எழுதுவார். ஒரு ஆளுக்கு ஒரு கணக்கு. அதற்குள் வரவு செலவு நூறு இருக்கலாம். அண்ணாச்சிக்குத் தெரிந்த இந்த விஷயத்தைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கத்தான் உலகம் முழுக்க ஒரு கூட்டம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது.

அவர்கள் பாஷையில் விஷயம் மூன்று அடுக்கு. முதலில் ஆள். அந்த ஆள் ஒரு சிகிச்சைத் திட்டத்தில் சேருவது பதிவு. அந்தப் பதிவுக்குள் ஒவ்வொரு முறை வந்து போவதும் ஒரு வருகை. ஆள் ஒன்றுதான். பதிவு எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டு பிள்ளை பெற்ற அம்மாவுக்கு இரண்டு கர்ப்பப் பதிவு. டி.பி. குணமாகி ஐந்து வருஷம் கழித்துத் திரும்ப வந்தால் இரண்டாவது டி.பி. பதிவு. மறுபதிவு தப்பே இல்லை, வேண்டியதுதான். மறுபதிவு போட வேண்டிய இடத்தில் புதிய ஆளையே சிருஷ்டித்துவிடுகிறார்களே, அங்கேதான் வம்பு.

ஏதோ மூன்று அட்டை, முந்நூறு ரூபாயோடு போகிற வம்பு என்று நினைக்காதீர்கள். டி.பி. விஷயத்தில் அது எங்கே கொண்டு விடும் என்று பார்ப்போம்.

ஒரு முருகனை வைத்துக்கொள்வோம். (நிஜ முருகன் இல்லை, உதாரண முருகன்.) உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. சளியைப் பரிசோதித்தால் டி.பி. ஆறு மாத மருந்து. முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எதாம்புடால் என்று நாலு. அடுத்த 4 மாதம் பைரசினமைடை விட்டுவிட்டு மற்ற மூன்று.

இந்த மருந்துகளின் பெரிய தொல்லை என்ன தெரியுமா? அவை நன்றாக வேலை செய்வதுதான்! சில வாரங்களிலேயே இருமல் அடங்கும், பசிக்கும், உடம்பு தேறும். 'நமக்கு எல்லாம் சரியாப் போச்சு' என்று முருகன் முடிவு செய்வார். உள்ளே மிச்சமிருக்கிற கிருமிகளுக்கு அந்தத் தகவல் தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திருப்பூருக்குத் திரும்பவில்லை. சிம் கார்டையும் மாற்றிவிட்டார். மாத்திரை அட்டை அறையில் பரண் மேல் கிடக்கிறது.

ஒரு வருஷம் கழித்து, ஊரில் மறுபடி இருமல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கிறார்கள்: "முன்னாடி டி.பி. மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க."

பொய்தான். 'ஏன் பாதியில விட்டே?' என்று திட்டுவார்களே என்கிற பயம். எழுதுகிறவரும் நம்பி, புது ஆளாகப் பதிந்துவிடுகிறார்.

இப்போது கணக்கில் இரண்டு முருகன்கள். திருப்பூர் முருகன் காணாமல் போனவர். அவரைத் தேடிக்கொண்டு அங்கே ஒரு சுகாதார ஊழியர், 'இந்த எண் உபயோகத்தில் இல்லை' என்கிற குரலைக் கேட்டுக்கொண்டிருப்பார். உசிலம்பட்டி முருகன் புத்தம் புதியவர். பாதி மருந்தில் தப்பிப் பிழைத்த கிருமிகளில் சில, அந்த மருந்துகளுக்கே டிமிக்கி கொடுக்கப் பழகியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டிய டாக்டருக்கு, சந்தேகப்படக் காரணமே இல்லாமல் போகிறது. இப்போதெல்லாம் ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்று இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிற மரபணுப் பரிசோதனை இருக்கிறது, நல்ல காலம். ஆனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றனவே! மருந்துக்கு அடங்காத டி.பி. என்றால் சிகிச்சையும் வேறு, அவஸ்தையும் வேறு. அது இருமல் வழியாக அடுத்தவருக்குப் போனால், அவர் முதல் நாளிலிருந்தே அடங்காத கிருமியோடுதான் ஆரம்பிக்க வேண்டும்.

இதில் நம் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. ஒரு காலத்தில் டி.பி. என்றால் சானடோரியம். தாம்பரத்தில் 1928-ல் ஆரம்பித்தது போல, மரங்களுக்கு நடுவே மாசக்கணக்கில் படுக்கை. நோயாளி எங்கேயும் போக மாட்டார். தலையை எண்ணினால் முடிந்தது. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் ஒரு காரியம் செய்தார்கள். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதியை அவரவர் வீட்டிலேயே - நெரிசலான, ஏழை வீடுகளில் - வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை! உலகமே சானடோரியங்களை மூட ஆரம்பித்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால், அன்றிலிருந்து இன்னொரு வேலை முளைத்தது. படுக்கையில் கிடந்தவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாரே... மாத்திரை விழுங்கினாரா, ஜன்னல் வழியே எறிந்தாரா? அந்த ஆய்விலேயே சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். கட்டில் செய்த வேலையை இனிமேல் ரெஜிஸ்டர் செய்ய வேண்டும்.

அந்த ரெஜிஸ்டரை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர் கரேல் ஸ்டைப்லோ என்கிற டாக்டர். 1970-களின் கடைசியில் தான்சானியாவில் அவர் கொண்டுவந்த முறை எந்த ஆடிட்டருக்கும் பிடிக்கும். ஒரு காலாண்டில் பதிவான அத்தனை பேரும் என்ன ஆனார்கள் - குணமானாரா, இறந்தாரா, ஊர் மாறினாரா, பாதியில் விட்டாரா - என்று ஒருத்தர் விடாமல் சொல்ல வேண்டும். கூட்டுத்தொகை டேலி ஆக வேண்டும். பாதியில் விட்டவரை அப்போது 'டிஃபால்ட்டர்' என்பார்கள். வங்கியில் கடன் கட்டாதவருக்குச் சொல்கிற வார்த்தை. என்னவோ டி.பி. கிருமியை வட்டிக்கு வாங்கின மாதிரி! 2013-ல் உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'தொடர்பு விட்டுப்போனவர்' என்கிற அர்த்தத்தில் வேறு சொல் வைத்தது. தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்று தோன்றியிருக்கும்.

இந்தியாவில் 2012-ல் இரண்டு விஷயம் நடந்தது. டி.பி. வந்தவர் தனியார் டாக்டரிடம் போனாலும் அரசுக்குத் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு. கூடவே, நோயாளிகளைப் பெயர் பெயராகப் பதிய 'நிக்ஷய்' என்கிற கம்ப்யூட்டர் திட்டம். 2018-ல் டி.பி. நோயாளிக்கு ஊட்டச்சத்துக்காக மாசம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தார்கள். 2024 நவம்பரிலிருந்து அது 1000. இப்போது 'ஒரே ஆளா, இரண்டு ஆளா' என்கிற கேள்வி டாக்டருக்கு மட்டுமல்ல, கஜானாவுக்கும் வந்துவிட்டது!

சரி, ஒரே ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை வைத்துத்தானே? அங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் கம்ப்யூட்டருக்குத் தண்ணி காட்டுகின்றன.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். அது முன்னால் வரும், பின்னால் வரும், பாஸ்போர்ட் எடுத்தால் அப்பா பெயராக விரியும். பெண்களுக்குக் கல்யாணம் ஆனால் அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல். ஆக, முதல் வருஷம் 'எம். செல்வி', அடுத்த வருஷம் 'ஆர். செல்வி'. மாவட்டத்தில் இன்னும் எத்தனை செல்வி இருக்கிறார்கள் என்று எண்ணப் புறப்பட்டால் பென்ஷன் வயசு வந்துவிடும்.

இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் 1918-ல் 'சவுண்டெக்ஸ்' என்று ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பெயரை எப்படி எழுதினால் என்ன, எப்படி ஒலிக்கிறது என்று பார்ப்பதுதான் தத்துவம். முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, ஒலி ஒத்த மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுப்பது. ஆபீஸில் சும்மா இருந்த ஒரு மதியம் நானே பேப்பரும் பேனாவுமாகப் போட்டுப் பார்த்தேன். லக்ஷ்மியை நடுவில் 'எக்ஸ்' போட்டு எழுதினாலும், 'கே, எஸ், ஹெச்' போட்டு எழுதினாலும் விடை ஒன்றுதான்: எல்-250. ஆஹா, பலே! அடுத்து நம் ஊர் 'லெட்சுமி'யை, ஊரில் எழுதுகிற மாதிரி 'டி, சி, ஹெச்' போட்டு எழுதினேன். எல்-325. ஆள் மாறிப் போச்சு! குழந்தைவேலுவுக்கு 'இஸட், ஹெச்' போட்டால் கே-253. 'எல்' போட்டால் கே-453. தமிழின் தனிச் சிறப்பான 'ழ' இங்கே வந்து நம் ஆளையே இரண்டாக்கிவிடுகிறது.

ஹால்பர்ட் டன் என்கிற அமெரிக்கப் புள்ளியியல்காரர் 1946-ல் இந்த வேலைக்கு அழகாக ஒரு உவமை சொன்னார். ஒவ்வொரு மனுஷன் வாழ்க்கையும் ஒரு புத்தகம். பிறப்புப் பதிவு முதல் பக்கம், இறப்புப் பதிவு கடைசிப் பக்கம். நடுப் பக்கங்கள் பல ஆபீஸ்களில் சிதறிக் கிடக்கின்றன. அதைச் சேர்த்துத் தைக்கிற பைண்டிங் வேலைதான் பதிவு இணைப்பு. 1969-ல் கனடாவில் ஃபெலகி, சன்டர் என்ற இருவர் அந்தப் பைண்டிங்குக்குக் கணக்கு போட்டுக் கொடுத்தார்கள். பரீட்சை மாதிரி மார்க் போடுவது. ஆண், ஆண் என்று பொருந்தினால் சொற்ப மார்க். பாதி ஊர் ஆண்தானே! 'முருகன்' பொருந்தினால் கொஞ்சம் கூட. 'மெய்கண்டான்' பொருந்தினால் அள்ளிக் கொடு. ஊருக்கு ஒருத்தர்தானே இருப்பார்! மொத்த மார்க் ஏகமாக இருந்தால் ஒரே ஆள். ரொம்பக் குறைந்தால் வேறு ஆள். நடுவில் தொங்கினால் மனுஷன் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த மூன்றாவது வகையை ஒப்புக்கொண்டதுதான் அவர்களுடைய பெரிய புத்திசாலித்தனம் என்பேன்.

'எதுக்குய்யா இவ்வளவு சுற்று? போன் நம்பரை வைத்துக் கண்டுபிடித்தால் போச்சு' என்பீர்கள். 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட, ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் பற்றிய மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கையைப் பாருங்கள். 9999999999 என்கிற ஒரே மொபைல் எண்ணில் பதிவாகியிருந்த பயனாளிகள் 7,49,820 பேர்! 8888888888-ல் இன்னும் 1,39,300 பேர். அந்த நம்பரில் நிஜமாகவே யாராவது இருந்தால், பாவம், அவருக்கு யார் இன்ஷூரன்ஸ் கொடுப்பது?

சிரித்துவிட்டு யோசித்தால், இதில் மோசடியைவிடக் கவுன்ட்டர்தான் தெரிகிறது. எதிரே ஒரு பாட்டி. போன் கிடையாது. திரையில் போன் நம்பர்க் கட்டம் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியவில்லை என்றால், யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? ஒன்பதை அழுத்துவார்கள். போன் நம்பரை வைத்து யாருடைய தகுதியையும் முடிவு செய்வதில்லை என்று அரசுத் தரப்பில் விளக்கமும் சொன்னார்கள்.

அதே அறிக்கையில் இன்னொன்று. ஒரு ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே இன்னொரு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனதாக 48,387 பேர் கணக்கில் இருந்தார்கள். ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருப்பது கிருஷ்ண பரமாத்மாவுக்கு மட்டும்தானே முடியும்? அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தை மூச்சுத் திணறி, வேறு ஆஸ்பத்திரியின் சிசுத் தீவிர சிகிச்சைக்கு ஓடுகிறது. அதற்கு இன்னும் பேரே வைக்கவில்லை, நம்பருக்கு எங்கே போவது? அம்மாவின் நம்பரிலேயே சேர்க்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு, அம்மா இரண்டு இடத்தில்! எல்லாமே அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அறிக்கையில் ஏமாற்று வேலைகளும் இருக்கின்றன. ஆனால், டூப்ளிகேட் என்றதும் போலீஸை நினைக்கிற பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று.

பிரசவம் என்றதும் இன்னொரு தமாஷ். சில நாடுகளில் நோயாளிகளைப் பின்தொடர 'டி.ஹெச்.ஐ.எஸ்.-2' என்று ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். வேர் தென்னாப்பிரிக்காவில், வளர்ப்பது நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகம், விலை இலவசம். அதில் திட்டத்தை அமைக்கும்போதே ஒரு கட்டத்தை டிக் அடித்தால், 'ஒரு ஆள் ஆயுளில் ஒரு தடவைதான் இதில் சேரலாம்' என்று பூட்டு போடலாம். டிக் அடிக்காவிட்டால் மறுபதிவு போடலாம். ஆனால், நடப்பில் இருக்கிற பழைய பதிவை முடித்து வைத்தால்தான் அதே திட்டத்தில் அடுத்ததைத் திறக்க விடும். கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா?

இந்த விதியை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்! ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு, கண்ணாடி வளையல் குலுங்கப் பெண் பிறந்த வீடு போய்விடும். அது பக்கத்து மாவட்டம். குழந்தை அங்கே பிறக்கும். புகுந்த ஊரில் திறந்த கர்ப்பப் பதிவை யாரும் மூடவில்லை. மூன்று வருஷம் கழித்து இரண்டாவது உண்டாகி அதே செவிலியர் முன்னால் வந்து நின்றால், 'இவர் ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கிறார்' என்று திரை அடம்பிடிக்கும். அதன் கணக்குப்படி அம்மாவுக்கு முப்பத்தாறு மாதம்!

செவிலியர் என்ன செய்வார்? வாசலில் இன்னும் இருபது பேர். பழைய பதிவைத் தேடி, பிரசவத் தேதி கேட்டு, மூடி, திறந்து... அதைவிடப் பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் புது ஆளாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. கதவைக் கெட்டியாகப் பூட்டினால், ஜன்னல் வழியே ஒரு புது மனுஷி பிறந்துவிடுகிறாள். முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி உயிர் பிழைத்தவள் என்கிற குறிப்பு பழையவளோடு தங்கிவிடுகிறது. ஆபரேஷன் என்றால் வயிற்றில் தழும்பாவது சாட்சி சொல்லும். ரத்தப்போக்குக்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

இதையெல்லாம் உத்தேசித்துத்தான் தமிழ்நாட்டில் 2008-லேயே கர்ப்பிணிகளைப் பின்தொடர 'பிக்மி' என்கிற முறை வந்தது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க எண். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும் என்று ஆனதால், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பதிகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கிடைக்கிற 18,000 ரூபாய் (பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து) முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் என்பதால், இது எத்தனையாவது என்பதும் சரியாகத் தெரிந்தாக வேண்டும். நீங்கள் புது அப்பாவாகப் போகிறவர் என்றால் ஒரு வார்த்தை: மனைவியை ஊருக்கு ரயிலேற்றும்போது ஊறுகாய் பாட்டிலோடு அந்த எண்ணையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

டூப்ளிகேட்டை ஒழிக்கக் கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு பயம் இருக்க வேண்டும். ஒருவரை இருவராக்குவது ஒரு தப்பு. இருவரை ஒருவராக்குவது இன்னொரு தப்பு. முதல் தப்பில் எனக்குத் தகவல் கிடைக்காது. இரண்டாவதில் அடுத்தவன் தகவல் என் தலையில் ஏறும்: அவன் ரத்த வகை, அவன் சர்க்கரை, அவன் மருந்து. இரண்டாவதுதான் மோசம் என்பது என் கட்சி. வெற்றுத் திரையைப் பார்த்தால் டாக்டர் கேள்வி கேட்பார். நிரம்பிய திரையைப் பார்த்தால் கேட்க மாட்டார், நம்புவார்.

அப்புறம், வேண்டுமென்றே இரண்டாக இருப்பவர்களும் உண்டு. பெண் பார்க்கப் போகிற நேரம், டி.பி. என்று தெரிந்தால் சம்பந்தம் முறியும். ஆகவே பக்கத்து ஊருக்குப் போய் வேறு பெயரில் மாத்திரை. எச்.ஐ.வி. என்றால் சொல்லவே வேண்டாம். எல்லா ஆஸ்பத்திரியையும் ஒரே எண்ணில் கோத்துவிட்டால் இவர்கள் உண்மைப் பெயர் சொல்ல ஆரம்பிப்பார்களா, ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் இருப்பார்களா? அந்தப் பொய்ப் பெயருக்குப் பின்னால் ஒரு நிஜ மாத்திரை உள்ளே போகிறது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

போன வாரம் அதே ஆஸ்பத்திரிக்கு மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனேன். மருத்துவம் எதுவும் வேண்டாம், என்னை ஒருவனாக்கிக் கொடுங்கள் என்று கேட்பதற்கு. கவுன்ட்டரில் புதுப் பெண். கூட்டம் இல்லாத நேரம். பொறுமையாகத் தட்டிப் பார்த்தார்.

"சார், உங்க பேர்ல மூணு இல்ல, நாலு இருக்கு. நாலையும் ஒண்ணாக்கிடட்டுமா?"

"நாலாவது யாரு மேடம்?"

"கே. பாலசுப்பிரமணியம். அட்ரஸ் உங்களோடதுதான். போன் நம்பரும் உங்களோடதுதான்."

எட்டிப் பார்த்தேன். வயசு 71. சர்க்கரை. இன்சுலின். எங்கள் மாடி போர்ஷன் பெரியவர்! அவர் இனிஷியலுக்கு கந்தசாமி, என் இனிஷியலுக்கு கிருஷ்ணன். ஒரு ராத்திரி வேர்த்து விறுவிறுத்துப்போனவரை ஆட்டோவில் போட்டு நான்தான் கொண்டுவந்தேன். அவரிடம் போன் இல்லை. என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

"மேடம், முதல் மூணை ஒண்ணாக்குங்க. நாலாவதைத் தொடாதீங்க. அவர் வேற ஆளு, இன்சுலின் போட்டுக்கறவர்."

"ஐயோ, நல்லவேளை சொன்னீங்க சார். அப்ப அவரோட ரெக்கார்டுல உங்க நம்பரை எடுத்துடறேன். அவர் நம்பர் சொல்லுங்க."

"அவர்கிட்ட போனே கிடையாதுங்க."

"கட்டத்தைக் காலியா விட்டா சேவ் ஆகாதே சார்..."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரே விசையைப் பத்து தடவை தட்டுகிற சத்தம் கேட்டது.